சிலப்பதிகார நெடுவினாவுக்கு ஐந்து காட்சிகள்

சிலப்பதிகாரத்தின் முப்பது காதையையும், அதாவது முப்பது அத்தியாயத்தையும், எப்படிப் படிப்பது என்று கேட்டுக்கொண்டு ஒவ்வொரு செமஸ்டருக்கும் பிள்ளைகள் திருச்செங்கோட்டில் என் வீட்டுக்கு வருகிறார்கள். நான் முதலில் சொல்வது இதுதான்: நோட்ஸை மூடி வை, கண்ணு. அதிலிருக்கும் கட்டுரையை உருப்போட்டால், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டாலும் கை நின்றுவிடும்.

எளிய உரையோடு கதையை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். புகார்க் காண்டத்துக்குப் பத்து, மதுரைக் காண்டத்துக்குப் பதின்மூன்று, வஞ்சிக் காண்டத்துக்கு ஏழு காதைகள் என்பது மனத்தில் இருக்கட்டும். அப்புறம் ஐந்து இடங்களை மட்டும் மூலத்தோடு ஊறப் படியுங்கள்: கானல்வரி, கொலைக்களக் காதை, வழக்குரை காதை, கட்டுரை காதை, குன்றக்குரவை.

இவற்றில் வழக்குரை காதைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். 'என்கால் பொற்சிலம்பு மணியுடை அரியே' என்கிறாள் கண்ணகி; அரி என்பது சிலம்புக்குள் இருக்கும் பரல். தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் பாண்டியன். சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது. 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லி அவன் விழுகிறான். கண்ணகியின் பண்பு, பாண்டியனின் நீதி, இளங்கோவின் நாடகத்திறன், ஊழ்வினை என எதைக் கேட்டாலும் இந்த ஒரு காட்சி பதில் தரும். எந்த வரியை முன்னே வைக்கிறோம் என்பதுதான் மாறும்.

நீதி பற்றிக் கேட்டால் நான்கு காதை பின்னே போங்கள். கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட பாண்டியனைத் 'தேரான் ஆகி' என்கிறார் இளங்கோ. அவை நடுவே கண்ணகி அவனைத் 'தேரா மன்னா' என்றே கூப்பிடுகிறாள். விசாரிக்காமல் தண்டித்தான் என்ற குற்றச்சாட்டைப் புலவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். இப்படி இரண்டு காதைகளைச் சேர்த்துக் காட்டும் விடைதான் திருத்துபவரை நிறுத்திப் படிக்க வைக்கும்.

பத்தினி வழிபாடு வந்தால் நம் கொங்குப் பக்கத்துச் சான்றுகளை விடாதீர்கள். கொங்கு நாட்டுக் கோசர்களான கொங்கிளங்கோசர் தங்கள் நாட்டில் கண்ணகிக்கு விழா எடுத்ததும் மழை தவறாமல் பெய்தது என்கிறது நூலின் முன்பகுதியில் உள்ள உரைபெறு கட்டுரை. குன்றக்குரவையில் குறவர்கள் பாடும் 'சீர்கெழு செந்திலும் செங்கோடும்' என்ற வரியில் வரும் செங்கோடு நம்ம ஊர் மலைதான் என்று கொள்பவர்கள் பலர். எனக்கும் அதே எண்ணம்தான்.

மேற்கோளுக்கு ஒன்றிரண்டு அடி போதும். பிழையில்லாமல் வர வேண்டும். கதைச்சுருக்கத்தை எழுதிப் பக்கத்தை நிரப்பாதீர்கள், அதற்கு மதிப்பெண் குறைவு.

பயிற்சிக்கு வழக்குரை காதையையே எடுத்துக்கொண்டு, ஊழ், நீதி, பாத்திரப் படைப்பு என்று மூன்று வினாக்களுக்குத் தனித்தனியாக விடை எழுதிப் பாருங்கள். மூன்றுக்கும் முதல் பத்தி ஒரே மாதிரி இருந்தால், கேள்வியைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.