தூண்டில் முள் கழன்று போகாமல் முடிச்சுப் போடுவது எப்படி? ஒரே முடிச்சு, நிதானமாக

கம்பு நன்றாக வளைந்து, மீன் இழுத்துக்கொண்டே இருக்கும்போது சட்டென்று கனம் இல்லாமல் போனால் எல்லோரும் முதலில் நரம்பைத்தான், அதாவது தூண்டில் இழையைத்தான் திட்டுவார்கள். திட்டுவதற்கு முன்னால் நரம்பைச் சுருட்டி எடுத்து அதன் நுனியைப் பாருங்கள். நுனி சுருள் சுருளாக இருந்தால் நரம்பு அறுபடவில்லை, முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. நைலான் வழுவழுப்பானது, பருத்தி நூலில் போடுகிற சாதாரண முடிச்சை அதில் ஒன்றன்மேல் ஒன்றாக நாலு போட்டாலும் பிடிக்காது.

புதிதாகத் தூண்டில் போட வருகிறவர்கள் பத்து முடிச்சு கற்க வேண்டியதில்லை, யூனி நாட் ஒன்று போதும் என்பது என் கட்சி. ஃபுளோரிடாவில் மீன்பிடிப் பத்திரிகை நடத்திய விக் டனவே பிரபலப்படுத்திய முடிச்சு இது. பிரிட்டனில் இதையே கிரின்னர் என்பார்கள், வீடியோ தேடும்போது இரண்டு பெயரிலும் தேடலாம். பாலோமர் முடிச்சும் உறுதியானதுதான், ஆனால் அதில் முள்ளையே வளையத்துக்குள் நுழைத்து எடுக்க வேண்டும், மூன்று முள் கொண்ட செயற்கை இரைக்கு அது பெரிய தொல்லை.

முதல் தடவை நரம்பிலேயே பழகாதீர்கள், கண்ணுக்கே தெரியாது. ஒரு ஷூ லேஸும் சாவி வளையமும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாவி வளையம்தான் முள்ளின் காது, அதாவது நரம்பை நுழைக்கிற ஓட்டை. ரீல் பக்கம் போவதை நரம்பு என்றும், கையில் இருக்கும் நுனியை வால் என்றும் சொல்கிறேன்.

1. வாலைக் காதுக்குள் விட்டு ஒரு சாண் அளவு இழுத்து, நரம்போடு சேர்த்து ஒட்டினாற்போல் படுக்க வையுங்கள். இப்போது இரண்டு இழை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வால் குட்டையாக இருந்தால் கடைசிச் சுற்றில் விரலுக்குப் பிடி கிடைக்காது, அதனால் நரம்பில் கஞ்சத்தனம் வேண்டாம்.

2. வாலை மறுபடி முள் பக்கமாக மடக்குங்கள். இரட்டை இழையின் மேல் ஒரு வளையம் விழும். அந்த வளையத்தையும் இரட்டை இழையையும் சேர்த்து இடது கட்டைவிரலால் அமுக்கிக்கொள்ளுங்கள்.

3. வாலை இரட்டை இழையைச் சுற்றி, ஒவ்வொரு தடவையும் வளையத்துக்குள் புகுத்தி எடுத்து, முள்ளை விட்டு விலகிப் போகிற திசையில் சுற்றுங்கள். சாதாரண நைலானுக்கு ஐந்தாறு சுற்று. தடித்த நரம்புக்கு மூன்று நான்கு போதும், அதற்கு மேல் போட்டால் இறுகவே இறுகாது. பின்னிய நரம்பு, அதாவது பிரெய்டு என்றால், காதுக்குள் இரண்டு தடவை விட்டு ஏழெட்டுச் சுற்று போடுங்கள், அது நைலானைவிட வழுக்கும்.

4. இந்த இடத்தில்தான் முக்கால்வாசி முடிச்சு கெடுகிறது. உலர்ந்த நைலானை வெடுக்கென்று இழுத்தால் உரசலில் சூடாகி அந்த இடமே பலவீனமாகிவிடும். தண்ணீரிலோ எச்சிலிலோ நனைத்துவிட்டு, முதலில் வாலை மட்டும் மெதுவாக இழுங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகச் சேர்ந்து சின்னச் சுருளாக வரும். ஏறிவிட்டதா? சரி பண்ணப் பார்க்காதீர்கள். அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், மடங்கிக் கசங்கிய நைலானை நம்ப முடியாது.

5. அப்புறம் நரம்பை இழுத்தால் அந்தச் சுருள் நழுவிக் காதில் போய் உட்காரும். வாலை இன்னொரு தடவை இறுக்கிவிட்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு நகவெட்டியால் வெட்டுங்கள். ஒட்ட வெட்டக் கூடாது.

இழுத்துச் சோதிக்காமல் தண்ணீரில் போடாதீர்கள். முள்ளைக் கொறடால் பிடித்துக்கொள்ளுங்கள், வெறுங்கையால் பிடித்து இழுத்தால் முடிச்சு அவிழும்போது முள் உங்கள் விரலில்தான் ஏறும்.

சரி, என் முள்ளில் காதே இல்லையே என்பீர்கள். நம்மூர்க் கடைகளில் கிடைக்கிற முட்களில் தலை தட்டையாக, ஓட்டையே இல்லாமல் இருப்பதும் உண்டு. அதற்கும் இதே முடிச்சுதான், காதுக்குள் விடுகிற வேலை மட்டும் கிடையாது. நரம்பை முள்ளின் தண்டோடு சேர்த்து வைத்து, வாலை மடக்கி வளையம் விட்டு, தண்டையும் நரம்பையும் சேர்த்துச் சுற்றி ஆறு தடவை வளையத்துக்குள் எடுத்து, நனைத்து, இரண்டு பக்கமும் இழுத்து இறுக்குங்கள். இறுகியதும் சுருளைத் தட்டைத் தலைக்குக் கீழே தள்ளி நிறுத்துங்கள். நரம்பு, முள்ளின் கூர்முனை இருக்கும் பக்கமாகத் தலையிலிருந்து வெளியே வர வேண்டும். பின்பக்கமாக வந்தால் தட்டையின் விளிம்பு கத்தியாகி நரம்பை அறுத்துவிடும்.

பாறையிலோ வேரிலோ சிக்கி இழுத்து விடுவித்த பிறகும், பெரிய மீன் ஒன்றைத் தூக்கிய பிறகும், முள்ளுக்கு மேலே ஒரு முழம் நரம்பை இரண்டு விரலுக்கு நடுவில் உருவிப் பாருங்கள். சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் அதற்கு மேலே வெட்டி முடிச்சை மறுபடி போடுங்கள். வெட்டிய துண்டைக் கரையில் எறியாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கொக்கு, நாரையின் காலில் சுற்றினால் அதால் அவிழ்க்க முடியாது.