'மூன்றாம் மெஷ்சான்ஸ்கயா': பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பெண், இரண்டு ஆண்கள் என்றதும் முக்கோணக் காதல் என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஒரு மாஸ்கோ தெருவின் பெயரில் 1927இல் வந்த 'மூன்றாம் மெஷ்சான்ஸ்கயா' என்ற இந்தச் சோவியத் மௌனப்படத்தை அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் பாதிப் படம் கைநழுவிவிடும். இயக்குநர் ஆப்ராம் ரோம் கதையைத் தொடங்குவதே வீட்டுப் பஞ்சத்திலிருந்துதான். அச்சுத் தொழிலாளி வொலோத்யா மாஸ்கோவில் வந்திறங்குகிறான். வேலை கிடைக்கிறது, படுக்க இடம் இல்லை. பழைய ராணுவத் தோழன் கோல்யா தன் வீட்டு சோபாவைக் கொடுக்கிறான். மனைவி லியூடாவை யாரும் கேட்கவில்லை.

அடுத்த தவறு, சோவியத் மௌனப்படம் என்றாலே இயக்குநர் ஐசன்ஸ்டைன் பாணி அதிரடி எடிட்டிங்கைத் தேடுவது. ரோம் மனநரம்பியல் நிறுவனத்தில் படித்தவர், அப்புறம் நாடகத்துக்கு வந்தவர். அவர் நம்பியது நடிகர்களையும் அறையிலிருக்கும் சாமான்களையும்தான். வீடு பாதி தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னலில் தெரிவது தெருவில் நடப்பவர்களின் கால்கள். கட்டட வேலை செய்யும் கோல்யாவோ போல்ஷோய் தியேட்டர் கூரைமேல், சிலைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான், முழு மாஸ்கோவும் அவன் காலடியில். லியூடாவுக்கு அந்த நகரம் விரிவது, வொலோத்யா அவளை விமானத்தில் ஏற்றும்போதுதான். அவனிடம் அவள் மயங்கியதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

அதற்காக வொலோத்யாவை நல்லவன் என்று நம்பிவிடாதீர்கள். சோபாவிலிருந்து லியூடாவின் கட்டிலுக்கு மாறியதும் அவனும் இன்னொரு கோல்யா ஆகிவிடுகிறான். இரண்டு ஆண்களும் செக்கர்ஸ் ஆடுகிறார்கள், தேநீர் குடிக்கிறார்கள், வீட்டு வேலை அவளுக்கு. கோல்யாவாக வரும் நிகலாய் பத்தாலவ் அவ்வளவு கலகலப்பாக இருப்பதால் நமக்கே அவன்மேல் கோபம் தாமதமாகத்தான் வருகிறது. ரோமின் தந்திரம் அது என்பேன்.

கடைசிப் பகுதியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சோவியத் நாட்டில் 1920 முதலே கருக்கலைப்பு சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது. லியூடா கர்ப்பமாகிறாள். தகப்பன் யாரென்று தெரியாததால் இருவரும் அவளைக் கருவைக் கலைக்கத் தனியார் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அவள் கலைக்காமல் வெளியேறுவதை 'தாய்மையே வென்றது' என்று சுருக்குவது சோம்பேறித்தனம். கணவனிடம் திரும்பினால்தானே அந்தப் பாடம் முழுமையாகும்? அவள் சுவரில் மாட்டும் சட்டகத்திலிருந்து தன் புகைப்படத்தை உருவிக்கொண்டு ரயிலேறுகிறாள். அவள் விட்டுப்போன கடிதத்தைப் படித்த ஆண்கள் கொஞ்ச நேரம் வருந்திவிட்டு, தேநீரைப் பற்றி யோசிக்கிறார்கள். அங்கே சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம், ரோம் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.