பிற்செலவில் நேர்கோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது எப்படி

வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல்நகர் விவசாய பீடத்திலோ கடைசி வருட ஆய்வறிக்கை எழுதுகிறவர்களுக்கும், திணைக்களங்களில் விளைச்சல் தரவோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் இது. பிற்செலவு (regression) மொடலை, அதாவது ஒன்றைக் கொண்டு இன்னொன்றை எதிர்வுகூறுகிற கோட்டை, ஓட்டினதும் ஆர் வர்க்கம் (R², விளைச்சலின் ஏற்றத்தாழ்வில் எவ்வளவு பங்கை மொடல் விளக்குகிறது என்ற எண்) 0.75 என்று வந்துவிட்டால் சந்தோசத்தில் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடாதீர்கள். உறவு நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா என்று அந்த எண் சொல்லவே சொல்லாது. 1973-இல் பிரான்சிஸ் அன்ஸ்கம் என்ற புள்ளிவிபரவியலாளர் நான்கு சின்னத் தரவுத் தொகுதிகளைப் போட்டுக் காட்டினார். நான்குக்கும் ஒரே கோடு, ஒரே ஆர் வர்க்கம், 0.67. வரைந்து பார்த்தால் அதில் ஒன்று அப்பட்டமான வளைவு.

சரி, நம்முடைய வயலுக்கு வருவோம். விளக்கத்துக்காக நானே போட்ட எண்கள் இவை: ஏக்கருக்கு யூரியா 0, 25, 50, 75, 100, 125 கிலோ, நெல் விளைச்சல் முறையே 900, 1350, 1650, 1800, 1850, 1750 கிலோ. நேர்கோடு போட்டால் ஒவ்வொரு கிலோ யூரியாவுக்கும் 6.7 கிலோ நெல் கூடும் என்று வரும், ஆர் வர்க்கம் 0.75. இப்போது மீதிகளைப் பாருங்கள், அதாவது உண்மையான விளைச்சலில் இருந்து கோடு சொல்கிற விளைச்சலைக் கழித்து வருவதை: −229, +53, +184, +166, +47, −221. இரண்டு ஓரத்திலும் கழித்தல், நடுவில் முழுக்கக் கூட்டல். கோடு சரியாக இருந்தால் குறிகள் இப்படி வரிசை கட்டி நிற்காது, அங்கும் இங்கும் கலந்து கிடக்கும். யூரியா கூடினால் பயிர் கொழுத்துச் சாயும், நோயும் பூச்சியும் ஏறும் என்பது எந்தக் கமக்காரருக்கும் தெரிந்த விசயம், ஆனால் இந்தக் கோட்டை நம்பினால் 200 கிலோ போடச் சொல்லி அறிவுரை எழுதிவிடுவீர்கள். அதனால்தான் மீதிகளைப் பார்ப்பதை ஒரு சடங்காகச் செய்யாதீர்கள் என்று சொல்கிறேன்.

செய்வது இப்படித்தான். கிடை அச்சில் மொடல் எதிர்வுகூறிய பெறுமதி, நிலை அச்சில் மீதி. எஸ்.பி.எஸ்.எஸ். (SPSS) மென்பொருள் என்றால் எக்ஸ் பெட்டியில் இசட்பிரெட் (ZPRED, எதிர்வுகூறிய பெறுமதி), வை பெட்டியில் இசட்ரெசிட் (ZRESID, மீதி). ஆர் (R) மென்பொருளில் மொடலை அப்படியே பிளாட் (plot) கட்டளைக்குக் கொடுத்தால் முதலில் வருகிற படமே இதுதான், ஒரு சிவப்புக் கோடும் சேர்ந்து வரும். அந்தக் கோடு பூச்சியத்தை ஒட்டிக் கிடையாக ஓடினால் நிம்மதி, வில் போல வளைந்தால் பிரச்சினை, ஆனால் ஓரங்களில் இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும் இருக்கிற இடத்தில் அது கொஞ்சம் நெளிந்தால் பதறத் தேவையில்லை. ஒன்று கவனம்: கிடை அச்சில் எதிர்வுகூறலுக்குப் பதிலாக உண்மையான விளைச்சலைப் போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்டால் மொடல் நல்லதாக இருந்தாலும் புள்ளிகள் மேல்நோக்கிச் சாய்ந்துதான் தெரியும்.

சாரா மாறிகள், அதாவது விளைச்சலை எதிர்வுகூறப் பயன்படுத்துகிறவை, பல இருந்தால் இந்த ஒரு படம் போதாது. யூரியா, விதையின் அளவு, மழை என்று ஒவ்வொன்றுக்கும் எதிராக மீதியைத் தனித்தனியாக வரையுங்கள். இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் யூரியாவின் குணகத்தை (மேலே வந்த 6.7 போல மொடல் யூரியாவுக்குத் தருகிற எண்ணை) யூரியாவின் அளவால் பெருக்கி, அதோடு மீதியைக் கூட்டி, அதை யூரியாவுக்கு எதிராக வரையுங்கள். மற்ற மாறிகளைக் கணக்கில் எடுத்த பிறகு யூரியாவின் உறவு என்ன வடிவம் என்று கண்ணால் பார்க்கலாம்.

வன்னித் தரவில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் நீர்ப்பாசனத்தில் செய்கிறவரையும் மழையை நம்பி மானாவாரியாகக் காலபோகம் (மாரிகால நெற்செய்கை) மட்டும் செய்கிறவரையும் ஒரே அட்டவணையில் போட்டால், இரண்டு கூட்டத்துக்குள்ளும் உறவு நேராக இருந்தாலும் சேர்த்துப் பார்க்கும்போது வளைவு மாதிரித் தெரியக்கூடும். 2021-இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்ததை ஒட்டிய காலபோகமும் அப்படித்தான், யூரியா குறைந்த பக்கத்துப் புள்ளிகள் பல அந்த ஒரே போகத்தில் இருந்து வந்திருக்கலாம். மாறியின் வர்க்கம், மடக்கை (log) என்று இறங்குவதற்கு முன் புள்ளிகளுக்கு நிறம் கொடுங்கள், நீர்ப்பாசனத்துக்கு ஒன்று, மானாவாரிக்கு ஒன்று, பிறகு போகத்துக்கு ஒன்றாக. நிறங்கள் பிரிந்து நின்றால் மொடலில் சேர்க்க வேண்டியது அந்தப் பிரிவைத்தான்.

சோதனை ஒன்றும் கேட்பார்கள். புள்ளிவிபரத்தில் ராம்சே (Ramsey) என்பவர் 1969-இல் தந்த ரீசெட் (RESET) சோதனை, எதிர்வுகூறிய பெறுமதியின் வர்க்கத்தையும் கனத்தையும் மொடலில் சேர்த்து ஏதும் முன்னேற்றம் உண்டா என்று பார்க்கும். போடுங்கள், ஆனால் படத்துக்குப் பிறகு. தரவு ஆயிரக்கணக்கில் இருந்தால் கணக்கிலெடுக்கத் தேவையில்லாத வளைவுக்கும் அது கூச்சல் போடும், 20 வயல் மட்டும் என்றால் பெரிய வளைவையே தவறவிடும்.

வளைவு உண்மைதான் என்றால் யூரியாவின் வர்க்கத்தையும் ஒரு மாறியாகச் சேருங்கள். அதுவும் நேர்கோட்டுப் பிற்செலவுதான், குணகங்களில் நேராக இருந்தால் போதும். மேலே தந்த எண்களில் அதைச் சேர்த்தால் உச்சம் 94 கிலோவை ஒட்டி வரும், அதற்கு மேல் போடுகிற யூரியாவால் விளைச்சல் குறையத்தான் செய்யும் என்று மொடலே சொல்லும். குளத்து நீர் வேறு கதை. மட்டம் ஏற ஏற நீர்ப்பரப்பு விரிவதால் ஒவ்வொரு அடிக்கும் கொள்ளளவு முன்னையதை விடக் கூடுதலாக ஏறும், அங்கே ஆழம், கொள்ளளவு இரண்டுக்கும் மடக்கை எடுத்தால் பெரும்பாலும் கோடு நிமிர்ந்துவிடும். மற்றபடி, மீதிகள் புனல் போல விரிந்தும் வளைந்தும் இருந்தால் வை பக்கத்துக்கு (விளைச்சலுக்கு) மடக்கை எடுங்கள், வளைவு மட்டும் என்றால் எக்ஸ் பக்கத்தை (யூரியாவை) மாற்றுங்கள், வையைத் தொடாதீர்கள். எதை மாற்றினாலும் மீதிப் படத்தைத் திரும்ப வரைந்து, முந்தின படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அறிக்கையில் போடுங்கள்.