ஸ்குவாட்டில் முழங்கால் சில்லுக்குக் கீழே வலியா? அந்தத் தசைநாணை மறுபடி எடை தாங்க வைக்கும் முறை

முழங்கால் சில்லைக் கீழ்க்கால் எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார்தான் இங்கே நான் சொல்லும் தசைநாண் (patellar tendon). வலி முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் இருக்கும். ஸ்குவாட்டில் அடியிலிருந்து எழும்போது சுள்ளென்று குத்தும். இரண்டு மூன்று வார்ம்-அப் செட் போட்டதும் காணாமல் போகும். மறுநாள் காலை படி இறங்கும்போது திரும்ப வந்துவிடும். உங்களுக்கும் இப்படித்தான் என்றால் இந்தப் பதிவு உதவும். எனக்கு வந்ததும் இதே வலிதான். பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் துணையோடு இந்த வழியில்தான் சரியானது.

ஆனால் மூட்டு வீங்கியிருந்தாலோ, பாதியில் பூட்டிக்கொண்டாலோ, காலை நேராக நீட்டித் தூக்க முடியாவிட்டாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது.

படி 1: எடையைக் குறையுங்கள், முழு ஓய்வு வேண்டாம்

ஓய்வெடுத்தால் வலி அடங்கும். கூடவே தசைநாணின் தாங்கும் திறனும் இறங்கும். அதனால்தான் ஓய்வு முடிந்து பழைய எடைக்குப் போனதும் வலியும் கூடவே வருகிறது. குதிப்பது, வேகமாக ஓடுவது, ஸ்குவாட்டின் அடியில் துள்ளி எழுவது ஆகிய மூன்றையும் இப்போதைக்கு விடுங்கள். வலிக்காத உயரத்தில் பாக்ஸ் ஸ்குவாட் (பின்னால் வைத்த பெட்டியில் உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடை தூக்குவது), மேலுடல் பயிற்சி எல்லாம் தொடரலாம்.

படி 2: அசையாமல் தாங்குங்கள்

லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் (உட்கார்ந்து காலை நீட்டி எடை தூக்கும் கருவி) முழங்கால் சுமார் 60 டிகிரி மடங்கிய நிலையில் 45 வினாடி அப்படியே பிடியுங்கள். ஐந்து முறை, நடுவே இரண்டு நிமிட இடைவெளி. கடைசி வினாடிகளில் தொடை நடுங்கினால் எடை சரி. இது சிலருக்கு உடனே வலியைக் குறைக்கும், சிலருக்குக் குறைக்காது. குறையாவிட்டால் கவலைப்படாமல் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: மெதுவாக, கனமாக

டென்மார்க்கில் செய்து 2009இல் வெளியான ஆய்வின் அட்டவணையைத்தான் நான் பின்பற்றினேன். வாரம் மூன்று நாள். ஸ்குவாட், லெக் பிரஸ் (காலால் எடையைத் தள்ளும் கருவி), ஹேக் ஸ்குவாட் (முதுகைச் சாய்த்துச் செய்யும் மெஷின் ஸ்குவாட்), ஒவ்வொன்றிலும் நான்கு செட். முதல் வாரம் ஒரு செட்டில் 15 ரெப் (ஒரு முறை இறங்கி ஏறுவது ஒரு ரெப்) மட்டுமே முடியும் எடை. பிறகு 12, 10, 8 என்று ரெப் குறையக் குறைய எடை ஏறும். 9 முதல் 12ஆம் வாரம் வரை 6 ரெப். இறங்க 3 வினாடி, ஏற 3 வினாடி.

மனதுக்குள் எண்ணாதீர்கள். களைப்பு ஏறினால் எண்ணிக்கை தானாக வேகமெடுக்கும். போனில் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 60 துடிப்பு என்று வைத்துவிடுங்கள். இந்தப் பயிற்சிக்கு என்னைக் கேட்டால் விலையுயர்ந்த நீ ஸ்லீவை (முழங்கால் உறையை) விட அதுதான் முக்கியம்.

படி 4: மறுநாள் காலைச் சோதனை

நான் அதிக நாள் நின்றது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உடம்பு சூடானதும் தசைநாண் வலி மங்கும். ஆகவே பயிற்சியின் நடுவே வலி இல்லை என்பதை வைத்து எடை ஏற்ற முடியாது. மறுநாள் காலை வேறு எதுவும் செய்யும் முன், குதிகால் உயர்ந்திருக்கும்படி ஒரு சரிவுப் பலகையில் வலிக்கும் காலால் மட்டும் நின்று மெதுவாக ஒரு ஸ்குவாட் இறங்குங்கள். வலிக்கு 0 முதல் 10க்குள் ஓர் எண் கொடுத்து எழுதி வையுங்கள். பலகை, ஆழம், கால்வைப்பு எதுவும் நாளுக்கு நாள் மாறக்கூடாது. மாறினால் எண்ணுக்கு அர்த்தமில்லை.

அந்த எண்ணைப் பூஜ்ஜியத்தோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் வழக்கமான எண்ணோடு ஒப்பிடுங்கள். வழக்கம் 2 என்று வையுங்கள். செவ்வாய் பயிற்சி, புதன் காலையும் 2: நல்லது, அட்டவணைப்படி போகலாம். புதன் காலை 4, வியாழன் காலை மறுபடி 2: அதே எடையில் இன்னொரு முறை. வியாழனும் 4 என்றால் எடையைக் குறையுங்கள். பயிற்சியின்போது 3 வரை வலித்தால் நான் நிறுத்துவதில்லை. பூஜ்ஜியம் வரட்டும் என்று காத்திருந்தால் எடை ஏறவே ஏறாது.

அப்புறம், ஒரு வாரத்தில் ஒரு மாற்றம்தான். எடையும் கூட்டி ஆழமும் கூட்டினால் வலி எதனால் வந்தது என்று தெரியாது.

படி 5: வேகத்தைத் திருப்பிச் சேர்ப்பது

6 ரெப் கனம் இரண்டு காலிலும் ஒரே மாதிரி வந்த பிறகு சாதாரண வேக ஸ்குவாட், அதன் பின் குதித்தல், பிறகு கிளீன், ஸ்னாட்ச் போன்ற வேகமான பளுதூக்கும் பயிற்சிகள். வேகமான நாள்கள் அடுத்தடுத்து வேண்டாம். கடும் சுமைக்குப் பின் முதல் ஒரு நாள் அளவுக்குத் தசைநாணில் கொலாஜன் (அதன் நார்களை ஆக்கும் புரதம்) கட்டப்படுவதை விடச் சிதைவதே அதிகம்.

பின்சேர்க்கை: ஸ்டீராய்டு ஊசி பற்றிப் பலர் கேட்டார்கள். மேலே சொன்ன அதே 2009 ஆய்வில் ஊசி போட்டவர்களுக்கும் 12 வாரத்தில் வலி குறைந்தது. ஆனால் அரை வருடத்தில் அந்த முன்னேற்றம் தேய்ந்தது, மெதுவான கனப் பயிற்சி செய்தவர்களுக்கு நிலைத்தது. இன்னொரு கேள்வி: சில்லுக்கு மேலே வலித்தால்? முறை இதேதான். ஆனால் அந்தத் தசைநாணுக்கு ஆழமான மடக்கம்தான் அதிகம் உறுத்தும், எனவே ஆழத்தைக் கடைசியில் சேருங்கள். வலி ஓரிடத்தில் நிற்காமல் சில்லைச் சுற்றிப் பரவலாக இருந்தால் அது வேறு பிரச்சினை. இந்த அட்டவணையைத் தொடங்காமல் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.