ஃபிரடெரிக் டக்ளஸின் 1852 உரையை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1852 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில், கொரிந்தியன் மண்டபத்தில், அந்நகரின் பெண்கள் நடத்திய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் அழைப்பை ஏற்று ஃபிரடெரிக் டக்ளஸ் நிகழ்த்திய உரை, சொல்வன்மையைப் பயில்வோர் அடிக்கடி எடுத்தாளும் ஒன்று. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பி வந்த ஒருவர், அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை நான்கை ஒட்டிய விழாவுக்குப் பேச்சாளராக அழைக்கப்பட்டிருந்தார். இவ்வுரையைப் பற்றிய கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைப்பவை: பேச்சைக் காலத்தில் நகரும் ஒன்றாகக் கேட்காமல், அச்சிட்ட சில வரிகளாக மட்டும் பார்ப்பது.

முதலாவதும் பெரியதுமான தவறு, பகுதியை முழுமையாகக் கொள்வது. “அடிமைக்கு ஜூலை நான்கு என்ன?” என்று இன்று நாம் அறியும் தலைப்பு, அவ்வாண்டே வெளிவந்த சிறுநூலில் இல்லை, அதில் வெறுமனே ‘உரை’ என்றுதான் இருந்தது. 1855இல் தம் தன்வரலாற்று நூலின் பின்னிணைப்பில் ஒரு பகுதியை மட்டும் சேர்த்தபோதுதான் டக்ளஸ் அத்தலைப்பை இட்டார். அந்தச் சீற்றமான பகுதியை மட்டும் படிப்பவருக்கு, அதற்கு முன் அவர் நெடுநேரம் அமெரிக்கக் குடியரசை நிறுவியவர்களைப் புகழ்ந்துகொண்டிருந்தார் என்பது தெரியாமலே போகிறது. அப்புகழ்ச்சியைச் சபை மரியாதை என்று ஒதுக்குவதும் பிழையே. இங்கிலாந்து செய்தது தவறு என்று இன்று சொல்வது எவருக்கும் எளிது, அன்று அதைச் சொன்னவர்கள் கலகக்காரர்கள் என்று தூற்றப்பட்டார்கள் என்று அவர் நினைவூட்டுகிறார். கேட்போர் தலையசைக்கிறார்கள். அப்படித் தலையசைத்த கணத்திலேயே, தம் காலத்தில் கலகக்காரர் என்று தூற்றப்படும் அடிமை ஒழிப்பாளரை அளப்பதற்கான கோலை அவர்கள் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

தமிழில் எழுதுவோர் தனியாகக் கவனிக்க வேண்டியது முன்னிலைச் சொற்களை. ‘உங்கள் சுதந்திரம்’, ‘உங்கள் தந்தையர்’ என்று டக்ளஸ் பிடிவாதமாகச் சொல்லிச் செல்கிறார். அதேவேளையில் அவையை ‘சக குடிமக்களே’ என்றும் விளிக்கிறார். ஒரு சொல் அவரை அவர்களோடு சேர்க்கிறது, மறுசொல் பிரிக்கிறது. மொழிபெயர்ப்பு ஓட்டத்தில் ‘நமது முன்னோர்’ என்று ஒருமுறை எழுதிவிட்டாலே, “இந்த ஜூலை நான்கு உங்களுடையது, என்னுடையது அன்று, நீங்கள் மகிழலாம், நான் துக்கம் காக்க வேண்டும்” என்ற வரி விழ வேண்டிய வேகத்தில் விழாது.

அணியின் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுவது அடுத்த தவறு. உரையின் நடுவில் வினாக்கள் அடுக்கடுக்காக வருகின்றன. நன்னூல் கூறும் அறிவினா என்று அவற்றைக் குறித்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. ஆசிரியர் மாணவனிடம் கேட்கும் அறிவினாவில் வினவும் ஆசிரியருக்கு விடை தெரியும், மாணவனுக்குத் தெரியாமல் இருக்கலாம், இங்கோ விடை அவையினருக்கும் தெரியும். அவர்களை வாய் திறக்க முடியாத நிலையில் நிறுத்துவதே அந்த வினாக்களின் தொழில்.

“இப்போது வேண்டியது சுட்டெரிக்கும் எள்ளல், நம்பவைக்கும் வாதம் அன்று” என்று டக்ளஸே சொல்வதை அப்படியே ஏற்று, இது உணர்ச்சிப் பேச்சு, வாதம் இல்லாத பேச்சு என்று எழுதுவோர் உண்டு. அவர் வாதிட மறுக்கும் விதத்தைப் பாருங்கள். அடிமை ஒரு மனிதன் என்று நான் நிறுவ வேண்டுமா என்று கேட்கிறார். வர்ஜீனியாவில் கறுப்பின மனிதர் செய்தால் மரண தண்டனை தரும் குற்றங்கள் 72, அவற்றுள் வெள்ளையருக்கு அதே தண்டனை தருபவை இரண்டே என்கிறார். பொறுப்புள்ள மனித உயிர் என்று ஒப்புக்கொள்ளாமல் ஒருவரை எப்படித் தண்டிக்க முடியும் என்று கேட்கிறார். அடிமைக்கு எழுத்தறிவிப்பதைத் தடுக்கும் சட்டங்களும் இதையே ஒப்புக்கொள்கின்றன, ஏனெனில் வயலில் மேயும் விலங்குக்கு எவரும் அத்தகைய சட்டம் இயற்றுவதில்லை. எதிரியின் சட்டப் புத்தகத்தையே சாட்சிக்கூண்டில் ஏற்றும் இதைவிடக் கூர்மையான வாதத்தை நான் அதிகம் படித்ததில்லை.

அவருடைய தகுதி முழுவதும் அவர் பட்ட துன்பத்திலிருந்து வருவதாக எழுதுவதும் பொருந்தாது. தம் வாழ்வை அவர் இவ்வுரையில் மிகச் சிக்கனமாகவே பயன்படுத்துகிறார். பால்டிமோரில் சிறுவனாக இருந்தபோது, விற்கப்பட்டவர்கள் சங்கிலியோடு நள்ளிரவில் கப்பலுக்கு நடத்திச் செல்லப்படும் ஓசை கேட்டு விழித்த நினைவு அந்த அரிய இடங்களில் ஒன்று. அரிதாக வருவதாலேயே அது கனக்கிறது. விவிலியத்தையும் இதே அளவறிந்து கையாள்கிறார். பாபிலோனில் சிறைப்பட்ட யூதர்களிடம், சிறைப்பிடித்தவர்களே அவர்களுடைய தாயகமான சீயோனின் பாட்டைப் பாடச் சொன்ன கதையுள்ள 137ஆம் சங்கீதம் அந்த அவையினர் நன்கு அறிந்தது. அதை எடுத்துக் காட்டியதும், விழாவுக்குப் பேச அழைத்தவர்கள் சிறைப்பிடித்தவர்களின் இடத்தில் அமர்ந்திருப்பதை உணர்கிறார்கள்.

அந்த அவையினர் யார் என்பதை மறப்பதும் பொதுவான பிழையே. எதிரே இருந்தவர்கள் தெற்கின் அடிமை முதலாளிகள் அல்லர். பெரும்பாலும் அவருடைய கொள்கைக்கு நெருக்கமான வடபுலத்து வெள்ளையர். வடக்கே தப்பி வந்த அடிமைகளையும் பிடித்து உரிமையாளரிடம் திருப்பித் தர வேண்டும் என்ற 1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம் அந்த வடபுலத்தையும் வேட்டைக்களமாக மாற்றியிருந்தது. ஆகவே அந்தச் சினம் நண்பர்களை நோக்கியது.

கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, டக்ளஸ் அமெரிக்காவையே நிராகரித்தார் என்று முடிப்பவர்கள் பலர். இறுதியில் அவர் அரசமைப்புச் சட்டத்தை மகத்தான விடுதலை ஆவணம் என்கிறார். இந்த நாட்டைப் பற்றித் தாம் நம்பிக்கை இழக்கவில்லை என்கிறார். அச்சட்டம் அடிமை முறையோடு செய்துகொண்ட ஒப்பந்தம் என்பது அவருடைய பழைய வழிகாட்டி வில்லியம் லாய்ட் காரிசனின் கொள்கை. 1851இல்தான் டக்ளஸ் அதிலிருந்து வெளிப்படையாக விலகியிருந்தார். அந்த விலகலை அவையறிய உரைத்த பிறகு, அதே காரிசனின் கவிதையைச் சொல்லி, எல்லா நெஞ்சங்களும் அதைச் சேர்ந்து சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டு அவர் உரையை முடிக்கிறார்.