கடைசி பஸ்ஸுக்கு முன் ஒன்றேகால் மணி நேரம்: கல்லூரி மாணவியர் கூடைப்பந்து அணியைத் தயார் செய்வது

பயிற்சிக்குப் பெயர் கொடுத்த ஒவ்வொரு பெண்ணின் ஊரையும், அந்த ஊருக்கு மாலையில் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் முதலில் எழுதுங்கள். பந்து, வலை, ஜெர்சி எல்லாம் பிறகுதான். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகள் உடற்கல்வி இயக்குநராக இருந்தவள் நான். அவற்றில் பெரும்பாலான ஆண்டுகள் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் காலிறுதியோடு திரும்பி வந்தோம். கோப்பையோடு வந்த ஆண்டில் என்ன செய்தீர்கள் என்று இப்போது புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

முதல் பக்கத்தில் இருப்பது இதுதான். சீவலப்பேரி இருவர், முக்கூடல் ஒருத்தி, மூலைக்கரைப்பட்டி ஒருத்தி, மேலப்பாளையம் மூவர், களக்காடு ஒருத்தி. இந்தக் களக்காட்டுப் பெண் மட்டும் விடுதி. வகுப்பு மூன்றரைக்கு முடியும். சீவலப்பேரிப் பெண்களுக்கு ஐந்து இருபதுக்கு டவுன் பஸ். அதை விட்டால் அடுத்து வருவது காசு கொடுத்து ஏறும் வண்டி. சாதாரண டவுன் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. தினமும் டிக்கெட்டுக்குக் கணக்குப் பார்க்கிற வீட்டில், பெண் விளையாடலாமா கூடாதா என்பதை இந்த ஒரு பஸ்ஸே முடிவு செய்துவிடும். ஆகவே மூன்றே முக்காலுக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடித்துவிட வேண்டும். ஐந்து என்றால் ஐந்து. முன்பெல்லாம் நான் "இன்னும் பத்து நிமிடம்" என்று இழுப்பேன். அந்தப் பத்து நிமிடத்துக்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு மறுவாரமே இரண்டு பேர் நின்றுவிடுவார்கள். தப்பு என்னுடையது; நான் அவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆள் பிடிப்பது ஜூனில். பள்ளியில் கூடைப்பந்து ஆடி வந்த பெண்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் கிடைத்தாலே அதிர்ஷ்டம். உயரமான பெண்களைத் தேடி வகுப்பு வகுப்பாக அலையாதீர்கள். நான் அலைந்திருக்கிறேன். கிடைக்கிற உயரமான பெண்ணுக்குப் பெரும்பாலும் விளையாட்டில் விருப்பமே இருக்காது. கூனி நடந்து பழகியிருப்பாள். கபடி ஆடியவர்களைக் கேளுங்கள். மேலே வந்து மோதினால் பயப்பட மாட்டார்கள், ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதுதான் வேண்டும். கோ-கோ ஆடியவளுக்குத் திரும்பும் வேகம் இருக்கும், டிஃபென்ஸுக்கு அவள் போதும். எறிபந்து ஆடியவளுக்குக் கை பழகியிருக்கும். ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர் வரை பதியலாம். நீங்கள் பதினெட்டுப் பேரோடு தொடங்குங்கள். செமஸ்டரும் கல்யாணமும் ஆறு பேரைக் கொண்டுபோய்விடும்.

பந்து வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். பெண்களுக்கு 6-ஆம் எண். சுற்றளவு சுமார் 72 சென்டிமீட்டர். எங்கள் அலமாரியில் யாரோ எப்போதோ வாங்கிப் போட்ட 7-ஆம் எண் பந்துகள்தான் கிடந்தன. அது ஆண்களுக்கானது, 75-க்கு மேல். அதிலேயே பழக்கினால் போட்டியில் சின்னப் பந்து எளிதாக இருக்கும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். நடந்தது வேறு. கைக்கு அடங்காத பந்தை இடுப்பிலிருந்து தூக்கி எறியும் பழக்கம் ஒட்டிக்கொண்டு, அதைக் கழற்ற இரண்டு மாதம் ஆனது. சிமெண்டுத் தரைக்கு ரப்பர் பந்தே சரி. தோல் பந்து ஒரே பருவத்தில் உரிந்துவிடும்.

இனி லே-அப். இதற்குத்தான் அதிக நாள் செலவழிக்க வேண்டும், இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். ஓடிக்கொண்டே பந்தைப் பிடித்து, இரண்டு அடி வைத்து, எழும்பிப் போர்டில் பட்டுப் போடுவது. சொல்வதற்கு ஒரு வரி. புதிதாக வந்த பெண்ணுக்கு எந்தக் கால் முதலில் என்பதிலேயே குழப்பம் வந்துவிடும். வலப்பக்கத்திலிருந்து போனால் முதலில் வலது கால், பிறகு இடது, இடது காலில் எழும்பி வலது கையால் போட வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் முக்கூடல் பெண் மூன்றாவதாக ஒரு குட்டி அடி வைப்பாள், விசில் ஊதப்படும்.

ஒரு நாள் காலையில் கொஞ்சம் அரிசி மாவைக் கொண்டுபோய், கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை பாதம் வரைவோமே, அதுபோல ரிங்குக்கு முன்னால் இரண்டே இரண்டு பாதம் வரைந்துவிட்டேன். கையை மடக்கிக் குத்தினால் உள்ளங்கால், விரல் நுனியால் ஐந்து புள்ளி. முதல் பாதம் வலது, அடுத்தது இடது. "கண்ணன் வந்த வழியிலேயே போங்கள்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்கள். மூன்றாவது பாதம் இல்லாததால் மூன்றாவது அடியும் வரவில்லை. மாலைக்குள் எறும்பு மொய்த்து ஒரு பாதத்தைத் தின்றுவிட்டது. மறுநாள் முதல் சாக்பீஸ். இடப்பக்கத்துக்கு இதே பாடம் தலைகீழ், இடது கையால். இடக்கைக்கு ஒரு மாதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஆடிய கல்லூரி அணிகளில் இடக்கை லே-அப் தெரிந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். உங்கள் அணியில் இருவருக்குத் தெரிந்தால் எதிரணிக்கு எந்தப் பக்கம் மறிப்பது என்றே புரியாது.

எழும்பக் கற்றுக்கொடுக்கும்போதே இறங்கவும் கற்றுக்கொடுங்கள். முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்குப் பல மடங்கு அதிகம். காலை விறைப்பாக வைத்து இறங்குவதும், இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்வதும் முக்கியக் காரணங்கள். தினமும் பத்து நிமிடம், பந்து இல்லாமல், படியிலிருந்து குதித்துச் சத்தம் வராமல் இறங்கச் சொல்லுங்கள். சத்தம் கேட்டால் மறுபடி.

அடுத்தது ஃப்ரீ த்ரோ. எதிரணி ஃபவுல் செய்தால், அதாவது விதி மீறித் தள்ளினால், இழுத்தால், நமக்குக் கிடைக்கும் தனி வீச்சு. அந்த ஆண்டின் முதல் நட்பு ஆட்டத்தில் ஆறு புள்ளியில் தோற்றோம். நோட்டைப் பார்த்தால் பதினேழு ஃப்ரீ த்ரோவில் நான்குதான் உள்ளே போயிருந்தது. யாரும் மறிக்காமல், யாரும் தள்ளாமல், போர்டிலிருந்து 4.6 மீட்டரில் நின்று போடுகிற பந்து. நான்கு கால்பகுதிகளாக நடக்கும் ஆட்டத்தில் ஒரு கால்பகுதிக்குள் எதிரணி நான்கு ஃபவுலைத் தாண்டிவிட்டால் பிறகு டிஃபென்ஸில் செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் நமக்கு இரண்டு கிடைக்கும். பதட்டத்தில் கையைப் பிடித்து இழுக்கிற கல்லூரி ஆட்டங்களில் இது கொட்டிக் கிடக்கும் புள்ளி.

வரிசையாக இருபது போட வைத்துப் பழக்காதீர்கள். ஏழாவதிலிருந்து கை தானாகப் போடும், மனம் சீவலப்பேரி பஸ்ஸில் இருக்கும். ஆட்டத்தில் மூச்சு வாங்கும்போது இரண்டுதான் கிடைக்கும். ஆகவே மைதானத்தை ஒரு சுற்று ஓடி வந்து இரண்டு. மறுபடி ஓடி வந்து இரண்டு. கோட்டின் நடுவில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தேன், வலது கால் கட்டைவிரல் அங்கே. பந்தை மூன்று முறை தட்டு, ரிங்கின் முன் விளிம்பைப் பார், மூச்சை விடு, போடு. ஐந்து நொடிக்குள் போட்டுவிட வேண்டும் என்பது விதி. இதற்கெல்லாம் மூன்றரை நொடிதான் ஆகும், எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருத்தியின் கணக்கும் நோட்டில் ஏறும். களக்காட்டுப் பெண் தன் பக்கத்தைப் பார்க்கவே பயப்படுவாள். செப்டம்பரில் அவளே வந்து, "மிஸ், நேற்று போட்டதை எழுத மறந்துவிட்டீர்கள்" என்றாள்.

நம் ஊருக்கென்று ஒரு பாடம் உண்டு: காற்று. ஆனி பிறந்துவிட்டால் மேற்கிலிருந்து ஒரு காற்று கிளம்பும், தெற்கே பணகுடி, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று. எங்கள் ஆட்டங்கள் பலவும் அந்த மாதங்களில்தான், அதுவும் திறந்த மைதானத்தில். உள்ளரங்கத்தில் ஆடிய அணிகள் இங்கே வந்து தூரத்திலிருந்து போட்டுப் போட்டுக் களைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். மைதானம் தெற்கு வடக்காக இருந்தால் பந்து பக்கவாட்டில் நகரும். கிழக்கு மேற்காக இருந்தால் ஒரு கூடைக்கு எதிர்காற்று. போனவுடன் ஒரு பிடி மண்ணைத் தூவிப் பாருங்கள். எதிர்காற்றுப் பாதியில் மூன்று புள்ளிக் கோட்டை மறந்துவிடுங்கள். உள்ளே புகுந்து போர்டில் பட்டுப் போடுங்கள், தலைக்கு மேல் நீளப் பாஸ் வேண்டாம், தரையில் தட்டிக் கொடுங்கள். இரண்டாம் பாதியில் கூடை மாறும், அப்போது எதிரணி அவதிப்படட்டும்.

டிஃபென்ஸில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. கால் வேகம் இல்லாததை மறைக்க எல்லாரும் முதல் நாளே முன்னால் இருவர், பின்னால் மூவர் என்று ஆளை விட்டு இடத்தைக் காக்கும் ஜோன் கட்டிவிடுகிறார்கள். ஆகஸ்ட் வரை ஆளுக்கு ஆள் மறிக்கவே பழக்குங்கள். ஜோன் பிறகு ஒரு வாரத்தில் வந்துவிடும்.

உடம்பு. பதினெட்டுப் பேருக்கும் ஆரம்பத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை. மூன்றாவது கால்பகுதியில் துவண்டு போகிற பெண்ணை மனவலிமை இல்லாதவள் என்று சொல்லிவிடுவோம். எங்கள் பட்டியலில் ஒருத்திக்கு எட்டரை. மருத்துவர் சொன்ன மாத்திரை, முருங்கைக்கீரை, சாப்பாட்டோடு டீ கிடையாது என்று மூன்று மாதம் போனது. மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டவள் நாலு மணிக்கு ஓட முடியாது. மூன்றரைக்கு ஒரு பிடி சுண்டலோ இரண்டு கோவில்பட்டிக் கடலை மிட்டாயோ கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைக்கச் சொன்னால் எந்த நெல்லை அம்மாவும் மறுக்க மாட்டார். "இடுப்புக்கு நல்லதுதானே" என்பார்கள்.

கால்சட்டை நிறம் பற்றி ஒரு வார்த்தை. எங்களுடையது வெள்ளையாக இருந்தது. மாதத்தில் சில நாள் சிலர் ஏதாவது காரணம் சொல்லி வராமல் இருப்பார்கள். கருநீலத்துக்கு மாற்றினேன், பையில் நாப்கின் வைத்தேன், அந்த நாட்களில் ஆடுவதா உட்காருவதா என்பதை அவரவரிடமே விட்டேன். அதன்பின் காரணங்கள் பாதியாகக் குறைந்தன. யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்காரர்களை ஒரு பயிற்சி ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள், குறிப்பாக அம்மாக்களை. "வெயிலில் கறுத்துவிடுவாள்" என்று சொல்லிக்கொண்டிருந்த மூலைக்கரைப்பட்டி அம்மா, இரண்டாம் பாதியில் எழுந்து நின்று, "ஏட்டி, அவளை விடாதே!" என்று கத்தினார். பேராசிரியர்களிடம் ஆன் டூட்டி கடிதத்தை ஆட்டத்துக்கு முந்தின நாளே கொடுங்கள். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போன பிறகு கெஞ்சினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

போட்டிக்கு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி என நான்கு மாவட்டக் கல்லூரிகளும் வரும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லை அது. பல்கலைக்கழக அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர்களும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே தோற்றாலும் உங்கள் பெண்கள் ஆடுவது வீணாகாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பந்து கிடைத்த அணி 24 நொடிக்குள் கூடைக்குப் போட வேண்டும்; அதை எண்ணும் ஷாட் கிளாக் இல்லாத மைதானத்தில் பெஞ்சில் இருப்பவளை அந்த நொடிகளைச் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். இரண்டாம் பாதியில் உங்களுக்கு மூன்று டைம் அவுட். ஒன்றைக் கடைசி இரண்டு நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். இறுதி ஆட்டத்தில் நான் சொன்னது, "பந்தை வைத்துக்கொண்டு நில்லுங்கள், அவர்களே வந்து பிடித்து இழுப்பார்கள்." இழுத்தார்கள். களக்காட்டுப் பெண் கோட்டில் நின்று மூன்று முறை தட்டினாள். இரண்டும் உள்ளே. மூன்று புள்ளி வித்தியாசம்.

மைதானத்திலிருந்து கிளம்பும்போது மணி நாலே முக்கால். சீவலப்பேரிப் பெண்கள் இருவரும் ஜெர்சியோடு ஓடிப்போய் ஐந்து இருபதைப் பிடித்துவிட்டார்கள். புகைப்படத்தில் அவர்கள் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு அப்படி ஆகாமல், புகைப்படத்தைப் பரிசளிப்புக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வலைகளைக் கழற்றி உள்ளே வையுங்கள், மூன்றாம் ஆண்டுப் பெண்களின் பெயர்களை அடித்துவிட்டு, நோட்டில் அடுத்த பக்கத்தில் பஸ் நேரங்களை எழுதத் தொடங்குங்கள்.