‘வந்தா’வும் ‘வந்திருந்தா’வும்: ஆங்கிலத்தில் ‘இஃப்’ போட்டுப் பேசும் முறை

மதுரைப் பேச்சில் ‘நாளைக்குச் சம்பளம் வந்தா வாடகையைக் கொடுத்துருவேன்’ என்போம். ‘கையில ஒரு கோடி இருந்தா அண்ணா நகர்ல வீடு வாங்கிருவேன்’ என்றும் சொல்வோம். முதலாவது நாளைக்கே நடக்கக்கூடியது. இரண்டாவது வெறும் நினைப்பு. ஆனாலும் இரண்டிலும் அதே ‘ஆல்’, அதே ‘வேன்’. எது நடப்பு, எது நினைப்பு என்பதை எதிரில் இருப்பவர் விஷயத்தை வைத்தே புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அந்த வித்தியாசத்தை வினைச்சொல்லே காட்டியாக வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சம்பளத்துக்கு: “இஃப் ஐ கெட் மை சேலரி டுமாரோ, ஐ வில் பே த ரென்ட்.” இஃப் பக்கம் வி1 (வினையின் முதல் வடிவம், இங்கே கெட்), மறுபக்கம் வில்.

கோடிக்கு: “இஃப் ஐ ஹேட் ஒன் க்ரோர், ஐ வுட் பை எ ஹவுஸ் இன் அண்ணா நகர்.” இஃப் பக்கம் வி2 (வினையின் இறந்தகால வடிவம், இங்கே ஹேட்), மறுபக்கம் வுட், அதையடுத்து வி1.

இல்லாத கோடிக்கு எதற்கு இறந்தகாலமான ‘ஹேட்’ என்று வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். நல்ல கேள்வி. விடை நம் மொழியிலேயே இருக்கிறது. ‘வந்தால்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: வந்த் + ஆல். ‘போனால்’ என்பது போன் + ஆல். நாளைக்கு வரப்போகிறவரைப் பற்றிப் பேசும்போதும் நாம் இறந்தகால வடிவத்தின் மேல்தான் ‘ஆல்’ ஏற்றுகிறோம். அது நமக்கு உறுத்துவதே இல்லை. ஆங்கிலமும் அதையே செய்கிறது, ஆனால் நினைப்புக்கு மட்டும். அங்கே வி2 வந்தால் அது நேற்றைக் குறிக்கவில்லை, ‘இது நிஜத்திலிருந்து தள்ளி நிற்கிறது’ என்று சொல்கிறது.

ஆகவே வாயைத் திறக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: இது நடக்கும் என்று நினைக்கிறேனா, சும்மா வைத்துப் பார்க்கிறேனா? பதில் உங்கள் கையில்தான் இருக்கிறது. வடபழஞ்சியிலோ இலந்தைக்குளத்திலோ ஐடி பார்க்கில் இன்டர்வியூவுக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள். “இஃப் யூ கிவ் மீ த ஜாப், ஐ வில் ஜாயின் ஆன் மண்டே” என்றால் வேலை கிடைக்கும் என்று நம்பிப் பேசுகிறீர்கள். “இஃப் யூ கேவ் மீ த ஜாப், ஐ வுட் ஜாயின்” என்றால் ‘எங்கே தரப்போகிறீர்கள்’ என்பது போன்ற தூரம் குரலில் வந்துவிடும். இலக்கணப்படி இரண்டும் சரி. இன்டர்வியூவில் முதலாவதைச் சொல்லுங்கள்.

அதே அறையில் அவர்கள் கேட்கும் கேள்வி வேறு மாதிரி வரும்: “வாட் வுட் யூ டூ இஃப் எ கஸ்டமர் ஷவுட்டட் அட் யூ?” இது கற்பனைக் கேள்வி. வுட் போட்டுக் கேட்டால் வுட் போட்டே பதில்: “ஐ வுட் லிசன் ஃபர்ஸ்ட்.” இங்கே ‘ஐ வில்’ என்றாலும் புரியும், ஆனால் கேள்வியும் பதிலும் ஒரே தடத்தில் ஓடுவதுதான் காதுக்கு அழகு.

‘நான் உங்க இடத்துல இருந்தா’ என்பதற்கு நேரான ஆங்கிலம் “இஃப் ஐ வேர் யூ”. இங்கே ஐ-க்கும் ஹீ-க்கும் ‘வேர்’ வரும். பேச்சில் ‘வாஸ்’ சொல்பவர்களும் நிறைய உண்டு. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் ‘வேர்’ எழுதிவிடுங்கள்.

அடுத்தது, நடந்து முடிந்துபோனதை மாற்றி நினைத்துப் பார்ப்பது. இதைக் கண்டுதான் பெரும்பாலானவர்கள் மிரள்கிறார்கள். உண்மையில் தமிழருக்கு இதுதான் எளிது. மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டுவிட்டு ஒருவர் சொல்கிறார்: ‘காலையிலேயே கிளம்பியிருந்தா, மத்தியானத்துக்குள்ள திருச்சி சேர்ந்திருப்பேன்.’ இதைப் பின்னாலிருந்து பிரியுங்கள். ‘சேர்ந்திருப்பேன்’ கடைசியில் உள்ள ‘ப்பேன்’தான் ஐ வுட். நடுவில் உள்ள ‘இரு’ ஹேவ். முன்னால் உள்ள ‘சேர்ந்து’ வி3 (வினையின் மூன்றாம் வடிவம்), அதாவது ரீச்ட். வலமிருந்து இடமாகப் படித்தால் “ஐ வுட் ஹேவ் ரீச்ட்” வரிசையாக வந்துவிடுகிறது. ‘கிளம்பியிருந்தா’வும் அப்படியே: ‘ஆ’ இஃப், ‘இருந்த்’ ஹேட், ‘கிளம்பி’ லெஃப்ட். முழு வாக்கியம்: “இஃப் ஐ ஹேட் லெஃப்ட் ஏர்லி, ஐ வுட் ஹேவ் ரீச்ட் திருச்சி பை நூன்.” தமிழில் ‘இருந்தா… இருப்பேன்’ என்று இரண்டு பக்கமும் ‘இரு’ வந்து, கதை முடிந்துபோனதாகவும் இருந்தால், ஆங்கிலத்தில் ஹேட் வி3 ஒரு பக்கம், வுட் ஹேவ் வி3 மறுபக்கம்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. ‘இந்நேரம் அவன் திருச்சி சேர்ந்திருப்பான்’ என்பதிலும் ‘இருப்பான்’ இருக்கிறது. ஆனால் அது ஊகம். அதற்கு “ஹீ மஸ்ட் ஹேவ் ரீச்ட்” சொல்லுங்கள். ‘வுட் ஹேவ் ரீச்ட்’ என்று மட்டும் சொன்னால், ஏதோ குறுக்கே வந்து அவன் போய்ச் சேரவில்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

காரணம் அன்றைக்கு, பலன் இன்றைக்கு என்றால் இரண்டையும் கலக்கலாம். ‘அன்னைக்கே டைப்பிங் படிச்சிருந்தா இப்ப வேலையில இருப்பேன்’: “இஃப் ஐ ஹேட் லேர்ன்ட் டைப்பிங், ஐ வுட் ஹேவ் எ ஜாப் நவ்.” இங்கே வரும் ஹேவ் ‘வைத்திருப்பது’ என்ற வினை, அதன் பின்னால் வி3 தேட வேண்டாம்.

இனி, அடிக்கடி விழும் பிழைகள். முதலிடம் இஃப் பக்கத்தில் வில், வுட் வைப்பதற்கு. “இஃப் ஐ வில் கோ”, “இஃப் ஐ வுட் ஹேவ் நோன்” இரண்டையும் விட்டுவிடுங்கள். பின்னதை அமெரிக்கப் பேச்சில் கேட்க முடியும் என்றாலும் எழுத்தில் அதைப் பிழையாகவே எடுப்பார்கள். வில்லும் வுட்டும் பலன் பக்கத்துச் சொத்து. “இஃப் யூ வில் வெயிட் ஹியர்” என்று ரிசப்ஷனில் சொல்வது போன்றவை விலக்கு. அந்த வில் ‘தயவுசெய்து’ என்ற மரியாதைக்கு வந்தது.

அடுத்த பிழை நம்முடைய தனி முத்திரை: “ஹீ கம்ஸ் மீன்ஸ், ஐ வில் டெல்.” ‘வந்தான்னா சொல்றேன்’ என்பதில் உள்ள ‘ன்னா’ செய்த வேலை இது. ‘ஜிஎஸ்டின்னா என்ன?’ என்ற கேள்வியில் ‘ன்னா’வுக்கு மீன்ஸ் பொருந்தும், அந்தப் பழக்கத்தில் ‘வந்தான்னா’வுக்கும் அதையே ஒட்டிவிடுகிறோம். ‘ன்னா’வை எடுத்துவிட்டு ‘வந்தா’ என்று சொல்லிப் பாருங்கள். பொருள் கெடவில்லை என்றால் அங்கே வரவேண்டியது இஃப்: “இஃப் ஹீ கம்ஸ், ஐ வில் டெல்.”

“ஐ வுட் பி கமிங் டுமாரோ” என்று மரியாதைக்காக வுட் போடுபவர்கள் நிறைய. கேட்பவர் ‘வருவேன், ஆனால்…’ என்று மீதிக்குக் காத்திருப்பார். உறுதியாக வருவதென்றால் வில். ‘அன்லெஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘இல்லாவிட்டால்’ இருக்கிறது. அதோடு இன்னொரு நாட் சேர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். ‘மழை பேஞ்சாலும் வருவேன்’ என்பதற்கு ஈவன் இஃப். ‘மழை பேஞ்சும் வந்தேன்’ என்பதற்கு ஈவன் தோ.

காதுக்கும் பழக்கம் வேண்டும். வேகமாகப் பேசும்போது ஐ வுட், ஐ ஹேட் இரண்டுமே ‘ஐட்’ என்று சுருங்கிவிடும். அடுத்து வரும் வினைதான் துப்பு: ‘ஐட் கோ’ என்றால் வுட், ‘ஐட் கான்’ என்றால் ஹேட். ‘வுட் ஹேவ்’ என்பது ‘வுடவ்’ என்று கேட்கும். அதை ‘வுட் ஆஃப்’ என்று எழுதிவிடுவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் செய்யும் பிழை.

பயிற்சிக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். வீட்டில் அன்று காதில் விழுந்த ‘ஆல்’ வாக்கியங்கள் ஐந்தை எழுதுங்கள்: ‘வைகையில தண்ணி வந்தா’, ‘முன்னாடியே சொல்லியிருந்தா’ மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நடப்பு, நினைப்பு, முடிந்தது என்று குறியுங்கள். குறித்த பிறகே ஆங்கிலமாக்குங்கள். குறிக்காமல் தாவினால் பழைய பிழையே திரும்பும். ஒரு வாரம் கழித்து ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகவும் சொல்லுங்கள்: “இஃப் ஹீ கால்ஸ், ஐ வில் கோ. இஃப் ஹீ கால்ட், ஐ வுட் கோ. இஃப் ஹீ ஹேட் கால்ட், ஐ வுட் ஹேவ் கான்.” வாய் விட்டுச் சொல்ல வேண்டும். கண்ணால் படித்தால் ‘ஹேட்’ நாக்கில் வராது.

எழுதும்போது இஃப் பகுதி முன்னால் வந்தால் நடுவில் காற்புள்ளி உண்டு. பின்னால் வந்தால் வேண்டாம்.